நெற்றியில் தழும்பு வைத்த பொம்மை

போன கிழமை நம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். வெளிநாட்டில் எங்கோ ஒரு காட்சிசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்த பீங்கான் முகப் பொம்மை. கீழே, “என்னகா, நம்மட கேம்புல அந்த விசர்ச் சாச்சி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது இதுதானே?” என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன.

நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன், மறந்துவிட்டீர்களா? நீங்கள் பைத்தியம் என்கிற அந்த விசர்ச் சாச்சி எனக்குச் சொந்தச் சாச்சி, உம்மாவின் கூடப் பிறந்த தங்கச்சி. வாசித்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு ஆறிப்போய் யோசித்தால், உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. நமக்கெல்லாம் அப்போது எட்டு வயது. பெரியவர்களே பிழையாக விளங்கிக்கொண்ட விசயம் அது. இப்போது நமக்கு முப்பதுதான் ஆகிறது, ஆனால் பாதிப் பேருக்குக் காதோரம் நரைத்துவிட்டது, எனக்கு முழங்காலும் வலிக்கிறது. கடலைப் பார்த்த பிள்ளைகள் சுருக்காகக் கிழடாகிறோம் போல. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்து என்ன காணப்போகிறேன்? நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

சாச்சியின் மகளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மோடுதான் படித்தாள், நடு வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். என்னைவிட இரண்டு மாதம் இளையவள். தங்கச்சி என்று கூப்பிட்டால் நறுக்கென்று கிள்ளிவிடுவாள். கிணற்றுக் கட்டில் விழுந்து நெற்றியின் இடப்பக்கம் பிளந்து, அது காய்ந்து தழும்பாகியிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து, புதுப்பல் முளைக்காமல் சண்டித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் சீட்டி அடிப்பாள், டீச்சர் திரும்பிப் பார்த்தால் என்னைக் காட்டுவாள்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை நானும் உம்மாவும் வாப்பாவும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். சாச்சி வரவில்லை. பிள்ளை குர்ஆன் ஓதப்பள்ளியைத் தவறவிடக்கூடாது என்று நின்றுவிட்டார். காலையில் வாசல் கடப்படி வரை கூட வந்து, அறுந்திருந்த செருப்பு வாருக்கு ஒரு ஊக்கைக் குத்திவிட்டு அனுப்பியிருக்கிறார். ஓதப்பள்ளி கடற்கரையோரம். அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாச்சியைத் தண்ணீர் பிரதான வீதி வரை இழுத்துவந்து ஒரு கடையின் இரும்புக் கதவில் அடித்துப் போட்டது. மகளைக் காணவில்லை.

மையத்துகளுக்குள் தேடினார்கள். பெக்கோ இயந்திரத்தால் குழி வெட்டி அவசர அவசரமாக அடக்கிய நாட்கள் அவை. யார் யாரை அடக்கினார்கள் என்று அடக்கியவர்களுக்கே தெரியாது. அதே நேரத்தில் இன்னொரு கதையும் ஊருக்குள் ஓடியது. உயிரோடு அகப்பட்ட பிள்ளைகளை லொறிகளில் ஏற்றி அம்பாறைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுபோனார்களாம். பெயர் சொல்லத் தெரியாமல் திகைத்துப்போன பிள்ளைகள் அங்கங்கே வார்டுகளில் கிடக்கிறார்களாம். சாச்சி அதைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் முதலில் பள்ளிக்கூடத்திலும் பிறகு கூடாரத்திலும் கிடந்து, கடைசியில் அந்தப் பலகைக் குடில்களுக்கு வந்தோமே, அங்கே சாச்சிக்கும் எங்களுக்கும் ஒரே குடில். தகரக் கூரை பகல் முழுக்கக் காய்ந்து, மூளை உருகுகிற மாதிரி இருக்கும். தண்ணீர்த் தாங்கியில் குளோரின் மணம். எல்லாக் குடிலிலும் ஒரே பருப்புக் கறி. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. பெண்கள் வரிசையில் நின்றார்கள், வாளி தூக்கினார்கள், சோறு ஆக்கினார்கள். உம்மா ஒருநாள் சமைத்துவிட்டு, சாப்பிட்டோமா இல்லையா என்று என்னிடம் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் நெருங்கியபோது உம்மா, இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தம் பற்றிப் பேச்செடுத்தார். நம் ஊரில் எல்லாக் குடிலிலும் அந்தக் கிழமைகளில் கத்தம் ஓதினார்கள், ஓதுகிற லெப்பைக்கு ஓய்வே இல்லை. சாச்சி மட்டும் மசியவில்லை.

“மையத்தக் காணாம ஆருக்கு ராத்தா கத்தம்?” என்றார்.

“எத்தின பேரு காணாமலே ஓதுறாங்க. மனசப் பொறுத்து சபூர் செய் புள்ள. அவக்கித்தான் நன்மை.”

“என்ட மச்சானுக்கு ஓதின. வயலுக்குப் போன மனிசன் மையத்தா வந்தாரு, கண்ணால கண்ட, ஓதின. இவ உசிரோட இரிக்கக்குள்ள ஓதினா, அவ வந்து கேட்டா நான் என்ன சொல்ற?”

சாச்சா, சாச்சியின் புருசன், சண்டைக் காலத்தில் வயலுக்குப் போன இடத்தில் சுடப்பட்டவர். அதனால் சாச்சிக்கு இந்த விசயத்தில் ஒரு கணக்கு இருந்தது. கண்டால்தான் ஓதுவது. காணும் வரைக்கும் தேடுவது. உம்மாவோ கத்தம் ஓதினால்தான் தங்கச்சிக்கு மனம் ஆறும் என்று நம்பினார். சாச்சி நிவாரண விசயமாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே வெளிக்கிட்டுவிடுவார். துணைக்கு என்னைக் கூட்டிப்போவார்.

நிவாரணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனோம். எங்கே போனாலும் முதல் கேள்வி, போட்டோ இருக்கிறதா? வீட்டில் இருந்த அல்பத்தைக் கடல் கொண்டுபோயிற்று. பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படமும் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. சாச்சி என்னை முன்னால் தள்ளி, “இவட வயசுதான், இவள மாதிரித்தான்” என்பார். எனக்கோ வாப்பா வீட்டு மூஞ்சி, அவளுக்கும் எனக்கும் ஒரு சாயலும் இல்லை. அம்பாறை ஆஸ்பத்திரியில் ஒரு சிங்களத் தாதி என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, சாச்சியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளை நான்தான் என்று அவர் விளங்கிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பிஸ்கட் தந்து சந்தோசமாக அனுப்பிவைத்தார். பஸ்ஸில் சாச்சி அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கிரீம் பிஸ்கட், நல்ல ருசி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ருசி இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கிழமையில்தான் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் பெட்டிகள் வந்தன. கரடிப் பொம்மைகளுக்காக நீங்கள் சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஒரு நாட்டில் வீட்டுப் பரண்களைத் துடைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் எடுத்துப்போன பிறகு பெட்டியின் அடியில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. உடுப்பு இல்லை, தலையில் முடி இல்லை, மண்டையில் ஒரு துளை. கண் இரண்டும் உள்ளே விழுந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் போட்டது. தோலால் தைத்த உடம்பு கிழிந்து மரத்தூள் கொட்டியது. நான் தொடவே மாட்டேன் என்றேன். சாச்சி எடுத்தார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் முகம், பளபளப்பு இல்லாதது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே அரிசி நொய் அளவில் பல் வரிசை.

“சிரிக்காம இரிக்கி, பாத்தியா” என்றார். “மத்தப் பொம்மையெல்லாம் ஈயெண்டு இளிக்கிது. இதுல முகம் வைக்கலாம்.”

சாச்சி ஊரில் பெயர் பெற்ற தையல்காரி, தெரியும்தானே. மெசின் கடலோடு போய், கை சும்மா கிடந்தது. முதலில் மரத்தூளைக் கொட்டிவிட்டு, தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தார். கண்தான் பெரிய வேலை. படுக்க வைத்தால் மூடி, நிமிர்த்தினால் திறக்கிற கண் அது. கண்கள் இரண்டையும் பூட்டியிருந்த கம்பியின் நடுவில் பாரம் கட்டியிருந்த இடம் மொட்டையாக இருந்தது. சாச்சி கரையில் கிடந்த அறுந்த வலையிலிருந்து ஒரு ஈயக் குண்டைக் கழற்றித் தட்டி, கம்பியில் கோத்தார். மருந்துக் கூடாரத்தில் கெஞ்சி வாங்கிய மாவுக்கட்டுத் துணியை நனைத்து, அந்த மாவால் உள்பக்கம் ஒட்டினார். காயும் வரைக்கும் தலையைத் தலைகீழாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்தி வைத்திருந்தார். நான் பயத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

கண் நீலம். படகுக்குப் பூசுகிற கறுப்புப் பெயின்ட்டை ஈர்க்குக் குச்சியால் தொட்டு, அதைக் கறுப்பாக்கினார். முகம் வெள்ளை. சாயம் நன்றாக இறங்கிய வெறுந்தேத்தண்ணியைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி, காய வைத்து மறுபடி ஒற்றினார். பளபளப்பில்லாத பீங்கான் ஆனபடியால் சாயத்தைக் குடித்தது. என் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “அவ உன்ன விடக் கொஞ்சம் கறுப்பு” என்று இன்னொரு பூச்சுப் பூசினார். தன் கூந்தல் நுனியில் ஒரு பிடியை வெட்டி, துணித் தொப்பி ஒன்றில் வரிசை வரிசையாகத் தைத்து, தலையில் ஒட்டிப் பின்னிவிட்டார். ஊசி முனையால் நெற்றியில் கீறி, கீறலுக்குள் கபில நிறம் தேய்த்தார். தழும்பு வந்தது. கடைசியாக, நகம் வெட்டியால் அந்தப் பல் வரிசையில் ஒன்றைப் பிடுங்கினார். அதை வாசலில் நின்று பார்த்த பக்கத்துக் குடில் பெண் ஒருத்தி, “யா அல்லாஹ்” என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அன்றைக்குப் பிறந்ததுதான் விசர்ச் சாச்சி என்று நீங்கள் வைத்த அந்தப் பெயர்.

உடுப்பு அப்போதும் முடியவில்லை. பெருநாளுக்கு எனக்கும் அவளுக்கும் மருதமுனைத் தறித் துணியில் ஒரே மாதிரிச் சட்டை தைத்திருந்தார் சாச்சி, பச்சையில் மஞ்சள் கட்டம் போட்டது. அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓதப்பள்ளிக்குப் போனாள். நான் கலியாண வீட்டுக்குப் போட்டுப்போனதால் என்னுடையது தப்பியது. சாச்சி அதன் கீழ்க் கரையை வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைத்தார், அதே சுருக்கு, அதே கழுத்துப் பட்டி. உம்மா வந்து பார்த்துவிட்டு, “புள்ளைக்கி இரிந்தது ஒரே ஒரு நல்ல சட்டை, அதையும் வெட்டிட்டியா?” என்று கத்தினார். சாச்சி ஊசியை நிறுத்தவில்லை. கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்புகளில் ஊதா நிறமாக ஒன்றைத் தேடி, அதன் ரப்பரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சோடி வெட்டினார். இடது வாரில் சின்ன ஊக்கு ஒன்று. தோளில் தொங்குகிற ஓதப் பை, முக்காடு, காதில் செம்புக் கம்பித் தோடு. எல்லாம் முடிந்து நிமிர்த்தியபோது கண் திறந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். சாச்சி என்னைப் பார்த்து, “அப்ப சரிதான்” என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் மொழி தேவைப்படவில்லை. சாச்சி பர்தாவுக்குள்ளிருந்து பையை எடுத்து, பொம்மையை மேசையில் நிறுத்துவார். தழும்பைத் தொட்டுக் காட்டுவார், பல்லைக் காட்டுவார், சட்டைத் துணியைக் காட்டுவார். அம்பாறைத் தாதி இந்த முறை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். இந்த முறை பிஸ்கட் தரவில்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் பெரியநீலாவணைப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருவர், மீன்பிடிக்கிற குடும்பம், எங்களைப் பார்த்தபடியே பக்கத்தில் வந்து குந்தினார்.

“இத நீங்களா செஞ்ச?”

“ஓம்.”

“எங்கட பொடியன்ட போட்டோவும் போய்த்து. எனக்கும் ஒண்டு செஞ்சு தருவீங்களா?”

சாச்சி மறுக்கவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கேட்டார். என்ன நிறக் காற்சட்டை? முடி சுருட்டையா? காதுமடல் ஒட்டினதா, தொங்கினதா? அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், காதுமடலில் மட்டும் திணறிவிட்டார். “பத்து வருசம் தூக்கி வளத்த, அது தெரியாமப் போச்சே” என்றார். சாச்சி ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் முடியை வெட்டி, காற்சட்டை தைத்து, அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப்போனார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

இதெல்லாம் உம்மாவுக்குத் தெரியாது. தேடப் போகிறோம் என்று தெரிந்தால் திரும்பவும் கத்தம் பற்றித்தான் பேசுவார் என்று, சொல்லாதே என்று என்னிடம் சொல்லியிருந்தார் சாச்சி. உம்மா கண்டதெல்லாம் வேறு. காலையில் எழுந்து தங்கச்சி பொம்மைக்குத் தலை சீவுகிறாள், முக்காட்டைச் சரிபார்க்கிறாள், பையில் பக்குவமாகப் படுக்க வைக்கிறாள். பையில் கசங்குவதால் சீவினார் என்பது உம்மாவுக்கு எப்படித் தெரியும்? தொழுகை நேரத்தில் உம்மா அதன் மேல் துவாயைப் போட்டு மூடுவார்.

“உருவம் இரிக்கிற இடத்துக்கு வானத்து மலக்குமாரு வருவாங்களா? இரிக்கிற கஷ்டமும் முசீபத்தும் காணாதெண்டா இதையும் வச்சிருக்கா?”

மௌலவியைக் கூப்பிட்டும் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வைத்து விளையாடலாம் என்றார் அவர். பிறகு சாச்சி பக்கம் பார்த்து, குரலைத் தணித்து, “இவவுக்கு மருந்துதான் பாக்கணும்” என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அந்த மழை நாள். மட்டக்களப்பிலிருந்து வரும்போது வழியில் பிடித்த மழை விடவே இல்லை. சாச்சி தன் மேல் போர்வையையும் கழற்றிப் பையைச் சுற்றிக்கொண்டார். தேயிலைச் சாயமும் பெயின்ட்டும் கரைந்துவிடும் என்ற பயம். குடிலுக்கு வந்து சேர்ந்தபோது சாச்சியும் நானும் தொப்பலாக நின்றோம், பொம்மை சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. உம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு எனக்குத் தலை துவட்டிவிட்டார். அன்று இரவு சாச்சிக்குக் காய்ச்சல்.

தொப்பி மாமியை உங்களுக்கு மறந்திருக்காது. ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு, கிழமைக்கு ஒருதரம் நம்மை வட்டமாக உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லித்தருவாரே, அந்த வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் ஒருநாள் எங்கள் குடிலுக்குள் எட்டிப் பார்த்து, பொம்மையைக் கண்டு அப்படியே மண்டியிட்டுவிட்டார். பிடரியில் முடியை ஒதுக்கி, பீங்கானில் பொறித்திருந்த இலக்கங்களைப் பார்த்தார். கல்முனையிலிருந்து மொழிபெயர்க்க வருகிற அக்கா விளங்கப்படுத்தினார். இது நூறு வருசப் பழசாம். இப்படிப்பட்டதைச் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்களாம், இந்த அம்மாவும் ஊரில் சேர்த்து வைத்திருக்கிறாராம். எந்தக் கை இதைக் கறுப்பாக்கியதோ என்று அவருக்குப் பெரிய கவலை.

சாச்சி அப்போது காய்ச்சல் மருந்துக்காக மருந்துக் கூடாரத்துக்குப் போயிருந்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தலையாட்டினார்.

“இதால என்ட தங்கச்சிக்கிச் சொகமில்ல” என்று அந்த அக்காவிடம் சொன்னார் உம்மா. “கொண்டு போகச் சொல்லுங்க, மகள். கண்ணுல படாம இரிந்தாலே போதும்.”

அக்கா என்ன மொழிபெயர்த்தாரோ. தொப்பி மாமியின் கண் கலங்கியது. உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். “வடிவாத் திருத்தி, எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே கொண்டு வந்து தாறாவாம்” என்றார் அக்கா. நான் அங்கேதான் நின்றேன். பெரியவர்கள் கதைக்கிற இடத்தில் என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்? சாச்சி வந்தால் சண்டை பிடித்து வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சாச்சி வந்தார். பை வெறுமையாகக் கிடந்தது.

“எங்க ராத்தா?”

“திருத்தக் குடுத்திரிக்கன்.”

“அதுல என்ன திருத்த இரிக்கி?”

உம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார். நான்தான் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன், “அதக் காட்டித்தான் உம்மா தேடுற! ஆஸ்பத்திரியில காட்டுற போட்டோ அது!” என்று. உம்மா அடுப்படிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். சோறு அடிப்பிடித்து மணத்தது. யாரும் இறக்கவில்லை.

மறுநாள் வாப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தத் தொண்டு நிறுவனத்தின் கந்தோருக்குப் போனார். தொப்பி மாமி அதிகாலையிலேயே கொழும்புக்குப் போய், அன்றே விமானம் ஏறுகிறாராம். சொல்லிவிடுகிறோம் என்றார்கள். என்ன சொன்னார்களோ, யாரிடம் சொன்னார்களோ. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. கந்தோர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, வெள்ளை வாகனங்கள் போய்விட்டன. சாச்சி ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்துத் திரும்பவும் செய்து பார்த்தார். என் சட்டையில் வெட்டுவதற்கு மிச்சம் கரை இல்லை. முகமும் சரிவரவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அதைப் பக்கத்துக் குடில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். உம்மா அந்த நாளிலிருந்து கத்தம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை.

நமக்கெல்லாம் வீடு தந்து, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. சாச்சிக்கு ஒரு மெசின் கிடைத்தது. தைத்தார். வீடு எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே. ஆஸ்பத்திரிகளுக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது வாயால் சொல்ல வேண்டியிருந்தது. வருசம் போகப் போகச் சொல்வதும் குறைந்துகொண்டு வந்தது. தொப்பி மாமி வருவாவா என்று மட்டும் எப்போதாவது கேட்பார். உம்மா, “வருவா, வருவா” என்பார்.

சண்டை முடிந்த கிழமை கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் ஆமிக்காரர்கள் போகிற வருகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். வாப்பா ஒரு துண்டை வாழையிலையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “முடிஞ்சிதாம்” என்றார். முடிந்ததற்கு என்ன முகம் காட்டுவது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எறும்பு மொய்க்கும் வரை அது அப்படியே கிடந்தது.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு தொப்பி மாமி உண்மையாகவே வந்துவிட்டார். தலை முழுக்க வெள்ளை, தொப்பி இல்லை. புது மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இளம் பையன், கூட வந்தார். எத்தனையோ இடத்தில் விசாரித்து எங்களைக் கண்டுபிடித்தார்களாம். மடியில் ஒரு பெட்டி. சாச்சியைக் கூப்பிட ஓடினேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெசினிலேயே விட்டுவிட்டு, சாச்சி வெறுங்காலோடு வந்தார். அந்த வேகத்தில் அவர் நடந்து நான் கண்டதில்லை.

மெல்லிய தாளை ஒவ்வொன்றாக விலக்கினார் தொப்பி மாமி. உள்ளே மஞ்சள் முடி, சுருள் சுருளாக. நீலக் கண். ரோசாப்பூக் கன்னம். பால் வெள்ளை நெற்றி, மாசு மறு இல்லை. வாய்க்குள் பல் வரிசை நிரம்பியிருந்தது. லேஸ் வைத்த வெள்ளைக் கவுன், பட்டுத் தொப்பி, கொக்கி வைத்த தோல் சப்பாத்து. அவ்வளவு அழகான ஒரு பொருளை எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

தொப்பி மாமி அழுதுகொண்டே சிரித்தார். பையன் மொழிபெயர்த்தார். “பெரிய கைவேலைக்காரங்கள்ட குடுத்துத் திருத்தினவாம். நெத்தியில ஒரு கீறல் இருந்திச்சாம், அத எடுக்கத்தான் ஆகக் கஷ்டமாப் போச்சாம். இப்ப அது இருந்த இடமே தெரியாதாம். நூறு வருசத்துக்கு முந்தி கடையில வச்ச மாதிரியே இருக்காம். உங்கட சொத்து, உங்கட கையிலதான் தரணுமெண்டு வந்தவாவாம்.”

உம்மா சுவரில் சாய்ந்து நின்றார். முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

சாச்சி பொம்மையைக் கையில் வாங்கினார். நெற்றியில் இடப்பக்கம் பெருவிரலால் தடவினார். இன்னொருதரம் தடவினார்.

“இதுட சட்டை ஒண்டு இரிந்த” என்றார். “பச்சைச் சட்டை.”

பையன் கேட்டுச் சொன்னார், “அது பழந்துணியாம், எறிஞ்சிட்டாங்களாம். இந்தக் கவுன் அந்தக் காலத்து லேஸாம்.”

“ஓம்” என்றார் சாச்சி. “வடிவா இரிக்கி. நல்ல வடிவா இரிக்கி எண்டு சொல்லுங்க தம்பி.”

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் இருந்த கேக் துண்டை வெட்டி வைத்தார். தொப்பி மாமி போகும்போது கடப்படி வரை போய்க் கை கொடுத்து அனுப்பினார். அந்த மனிசியின் மேல் நான் இன்றைக்கும் கோபப்பட முடியாமல் தவிக்கிறேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து தந்தார்.

திரும்பி வந்த சாச்சி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ராத்தா, இவட வாப்பாக்கிட்டச் சொல்லுங்க. வாற வெள்ளிக்கிழமை லெப்பையக் கூப்பிடட்டும். புள்ளைக்கிக் கத்தம் ஓதுவம்.”

சாச்சி இதைச் சொல்ல வேண்டும் என்று முன்னொரு காலத்தில் தொழுகைப் பாயில் அழுது துஆக் கேட்டவர் என் உம்மா. அவர் சாச்சியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“வேணா புள்ள. இப்ப என்ன அவசரம்? இன்னம் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம். சண்டையும் முடிஞ்சிரிக்கி, றோட்டெல்லாம் தொறந்திரிக்கி. அவ எங்கயாவது...”

“இல்ல ராத்தா” என்றார் சாச்சி. குரலில் அழுகை இல்லை. “கொஞ்ச நாளா அவட முகம் எனக்கு ஞாபகத்துல வருதில்ல. அந்தப் பொம்மை வந்தாப் பாத்துக்கலாமெண்டு இரிந்த.”